அண்ணனின் மணிக்கட்டும் போர்த்துக்கல் மீனவர்களின் பாதமும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பெரியண்ணன் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "புரோட்டீன் சேர்ந்து இதயம் கெட்டுப்போச்சாமே, பருப்பு, முட்டையெல்லாம் நிறைய சாப்பிடுவாரோ?" அதில் ஒரு சித்தப்பா மகன், தன் வீட்டில் அன்றைக்கே முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னான். வீட்டில் ஆறு வயசுப் பேரன் இருக்கிறான்! முப்பத்து நாலு வருஷம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுத்த எனக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முதலில் அதை முடித்துவிடுகிறேன். முட்டையை நிறுத்தாதீர்கள். நாம் சாப்பிடும் புரதம் வயிற்றிலும் குடலிலும் உடைந்து சின்னச் சின்ன அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. முட்டைப் புரதம் முட்டைப் புரதமாகவே போய் இதயத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. அண்ணனுக்கு ஒட்டியது அவர் கல்லீரலே செய்த ஒரு புரதம். உங்களுக்கும் எனக்கும் அதே புரதம் இப்போதும் ரத்தத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பெயர் ட்ரான்ஸ்தைரெட்டின். தைராக்சினையும், ரெட்டினால் என்கிற வைட்டமின் ஏ-யையும் தூக்கிக்கொண்டு போகிற கூலியாள். அந்த இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் அதற்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கூலியாள் தனி ஆள் இல்லை, நாலு பேர். ஒரே மாதிரி நாலு துண்டு, ஒவ்வொன்றிலும் 127 அமினோ அமிலம், கைகோர்த்து நிற்கும். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு பிள்ளைகள் கைகோர்த்து வட்டம் போட்டு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடி விடாத வரை ஒரு தொந்தரவும் இல்லை. பிடி விட்டுத் தனியாகிற பிள்ளை நிலை தடுமாறும், சுருண்டு கொள்ளும். அப்படிச் சுருண்ட துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நூல் நூலாகத் திரிந்து, போகிற இடத்தில் படிந்துவிடும். நரம்பில் படியலாம், இதயத் தசைக்கு நடுவே படியலாம், மணிக்கட்டிலும் படியலாம். அந்தப் படிவுக்கு அமைலாய்ட் என்று பெயர்.

அமைலாய்ட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது, ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலமாகிறதா என்று பார்க்கிற சோதனையை நாம் எல்லோரும் செய்து காட்டியிருக்கிறோம். 1854-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற பெரிய மருத்துவர், இறந்தவர்கள் உடலில் இருந்த இந்தப் படிவின்மேல் அயோடின் விட்டார். நிறம் மாறியது. சரி, இது மாவுச்சத்து மாதிரியான பொருள் என்று முடிவு கட்டி, 'மாவு போன்றது' என்று அர்த்தம் வருகிற மாதிரி பெயர் வைத்துவிட்டார். ஐந்தே வருஷத்தில், 1859-ல், அது மாவுச்சத்தே இல்லை, புரதம் என்று வேறு இரண்டு பேர் காட்டிவிட்டார்கள். ஆனால் பெயர் நின்றுவிட்டது. வகுப்பில் ஒரு பையனுக்கு ஒரு முறை பட்டப்பெயர் விழுந்தால் போகுமா?

இப்போது அண்ணன் விஷயம்.

அண்ணன் கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருந்தார். ஐம்பது வருஷம் கத்திரி பிடித்த கை. 2011-ல் வலது கையில் மரப்பு, ராத்திரியில் எரிச்சல். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் உணர்ச்சி இல்லாமல் போய் ஊசி நழுவ ஆரம்பித்தது. கார்பல் டனல் என்றார்கள். மணிக்கட்டில் நரம்பு போகிற பாதை நெருங்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்து சரியானது. 2013-ல் இடது கை. "தையல்காரர்தானே, இதெல்லாம் வரும்" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இடது கையில் அவர் என்ன கத்திரியா பிடித்தார்? இதை அண்ணி அப்போதே கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

2016-ல் தையல் மிஷினை நகர்த்தும்போது மேல்கைத் தசை 'பட்'டென்று அறுந்து பந்து மாதிரி திரண்டு நின்றது. வயசு என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னொரு விசித்திரம். பல வருஷம் பிரஷர் மாத்திரை போட்டவர், அவருக்குப் பிரஷர் தானாக இறங்கியது. மாத்திரை போட்டால் தலை சுற்றியது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். "பாப்பா, எனக்குப் பிரஷரே போயிடுச்சு" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். (எனக்கு அறுபத்தாறு வயசு. கடைசி வரை அவருக்கு நான் பாப்பாதான்.)

2020-ல் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. எக்கோ எடுத்தார்கள், இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள். பழைய பிரஷரால் வந்தது என்று எழுதி, நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஆஸ்பத்திரி என்று இரண்டு வருஷம் போனது. ஃபைல் மட்டும் தடித்துக்கொண்டே வந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. எல்லா இடத்திலும் நல்ல டாக்டர்கள்தான். ஆனால் கையைப் பார்த்த டாக்டர் இதயத்தைப் பார்க்கவில்லை, இதயத்தைப் பார்த்த டாக்டர் கையைப் பார்க்கவில்லை. எனக்கு ஆதங்கம் இதுதான்.

2022-ல் ஒரு டாக்டர் பெண், பேத்தி வயசு இருக்கும், ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஐயா, ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றாள். மணிக்கட்டில் இருந்த இரண்டு தழும்பையும் விரலால் தடவினாள். "இது எப்போ?" அப்புறம் இ.சி.ஜி. தாளை எடுத்து மேஜையில் விரித்து என்னிடமே விளக்கினாள். சுவர் உண்மையிலேயே தசையால் தடித்திருந்தால் இ.சி.ஜி.யில் அலை பெரிதாக வர வேண்டும். இவருக்கு அலை சின்னதாக இருக்கிறது. அப்படியென்றால் தடித்தது தசை இல்லை, தசைக்கு நடுவே வேறு ஏதோ புகுந்திருக்கிறது. படிவு துடிக்காது, மின்சாரமும் காட்டாது. கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. நல்ல டீச்சராகவும் வந்திருப்பாள்.

ரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். ஏன் என்றால், எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகிற வேறொரு புரதமும் இதே மாதிரி படியுமாம். அதற்கு வைத்தியமே வேறு, புற்றுநோய்க்குக் கொடுப்பது போன்ற மருந்து, அதுவும் அவசரமாக ஆரம்பிக்க வேண்டும். அது இல்லை என்று உறுதி செய்த பிறகு ஒரு ஸ்கேன். எலும்பைப் பார்க்கச் செலுத்துகிற கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். எலும்பில் ஒளிர வேண்டியது அண்ணனுக்கு இதயத்தில் ஒளிர்ந்தது. மரபணுச் சோதனையில் எந்தக் கோளாறும் இல்லை. ஆக இது பரம்பரையாக வருவது இல்லை, வயசில் வருவது. அண்ணனின் இரண்டு மகன்களுக்கும் அந்தப் பயம் அன்றோடு போயிற்று.

அன்றிலிருந்து நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறென்ன வேலை? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகப் படித்து, புரியாத இடத்தை அந்த டாக்டர் பெண்ணிடமே கேட்டுக்கொண்டேன். படிக்கப் படிக்க ஒரு நாவலைப் படிப்பது போல இருந்தது.

கதை போர்த்துக்கல் நாட்டின் வட கடற்கரையில் தொடங்குகிறது. போவோவா டி வார்சிம் என்ற மீனவ ஊர். 1939-ல் போர்ட்டோ நகர ஆஸ்பத்திரிக்கு அந்த ஊரிலிருந்து 37 வயசுப் பெண் ஒருத்தி வருகிறாள். பாதத்தில் சூடு, வலி தெரியவில்லை, நடை தடுமாறுகிறது. கொரினோ டி அந்த்ராடி என்ற நரம்பியல் மருத்துவர் பார்க்கிறார். தொழுநோயா, மேகநோயா, எதிலும் சேரவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். 'சின்னப் பாத நோய்' என்று அவர்கள் மொழியில் பெயரே வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வந்தது, அத்தைக்கு வந்தது, முப்பது வயசுக்கு மேல் தொடங்கும், பத்துப் பதினைந்து வருஷத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். அந்த்ராடி குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்து 1952-ல் எழுதினார். டாக்டர்கள் உலகம் அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தது. ஊர்ச்சனங்கள் சொல்கிற நோய்க்கதையைக் காது கொடுத்துக் கேட்ட அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

பிறகு ஜப்பானிலும், ஸ்வீடனின் வடக்கிலும் இதே நோய் இருப்பது தெரிந்தது. மூன்று இடத்திலும் ஒரே கோளாறு. 127 மணி கோத்த மாலையில் முப்பதாவது மணி மாறியிருக்கிறது, வேலின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின். ஒரே ஒரு மணி! அதனால் பிடி தளர்ந்து நாலு பிள்ளைகளும் சீக்கிரம் பிரிந்துவிடுகிறார்கள்.

முதல் வைத்தியம் முரட்டு வைத்தியம். தப்பான புரதத்தைச் செய்வது கல்லீரல்தானே, கல்லீரலையே மாற்றிவிடு என்று 1990-ல் ஸ்வீடனில் செய்தார்கள். பலன் கொடுத்தது. இதில் எனக்குத் தூக்கம் வராமல் செய்த ஒரு விஷயம் உண்டு. எடுத்த கல்லீரல் மற்ற எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்கிற கல்லீரல். அதை ஏன் எறிய வேண்டும் என்று 1995-ல் போர்த்துக்கல்லின் கோயிம்ப்ரா நகரில், கல்லீரல் கெட்டுப்போய்ச் சாகக் கிடந்த இன்னொருவருக்கு வைத்தார்கள். ஒருவருக்கு நோய் தந்த உறுப்பு இன்னொருவருக்கு ஆயுள் தந்தது. அந்தப் புரதம் படிந்து தொல்லை கொடுக்கப் பல வருஷம் ஆகும் என்பதால், வாங்கியவருக்கு அது லாபமான பேரம். சிலருக்குப் பிற்பாடு அந்த நோய் வரவும் செய்தது. வாங்கும்போதே அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறவர் மனசு எப்படி இருந்திருக்கும்?

மருந்து வந்த வழி இன்னும் அழகு. போர்த்துக்கல்லில் சிலருக்கு முப்பதாவது மணி மாறியிருந்தும் நோய் வரவில்லை, வந்தாலும் லேசாக வந்தது. பார்த்தால், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று அவர்களுக்கு இரண்டு மாற்றம் இருந்தது. இரண்டாவது மாற்றம் 119-வது மணியில். அது பிடியை இறுக்குகிற மாற்றம். தளர்ந்த கைப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பிடிப் பிள்ளை நின்றால் வட்டம் கலையாது அல்லவா, அதுதான். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஜெஃப்ரி கெல்லி என்ற வேதியியல்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். படிந்த பிறகு கரைப்பது எப்படி என்று மண்டையை உடைப்பதைவிட, வட்டம் கலையாமல் பார்த்துக்கொண்டால் என்ன?

அந்த நாலு துண்டுக்கு நடுவில் தைராக்சின் உட்கார இரண்டு இருக்கை உண்டு. ரத்தத்தில் தைராக்சினைத் தூக்க வேறு ஆளும் இருப்பதால் அந்த இருக்கைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதில் போய் உட்கார்ந்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகள் கையையும் பிடித்துக்கொள்கிற ஒரு சின்ன மூலக்கூறைத் தேடிப்பிடித்தார்கள். அதுதான் டஃபாமிடிஸ். விளையாட்டு மைதானத்தில் வாத்தியாரே வட்டத்துக்குள் புகுந்து நிற்கிற மாதிரி. 128 நோயாளிகளிடம் 18 மாதம் சோதித்தார்கள். 2011-ல் ஐரோப்பா அனுமதித்தது. ஆதாரம் போதாது என்று அமெரிக்கா அப்போது மறுத்துவிட்டது.

அண்ணனுக்கு வந்த இதய வகைக்கு 441 பேரிடம் 30 மாதம் சோதனை நடந்து 2018-ல் முடிவு வெளியானது. வெறும் மாத்திரை கொடுத்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் இறந்திருந்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் நூற்றுக்கு 30 பேர். 2019-ல் அமெரிக்காவும் அனுமதித்தது. இந்தக் கணக்கை நன்றாகப் பார்க்க வேண்டும். நோய் குணமாகவில்லை. படிந்தது கரையவில்லை. இனிமேல் படிவது குறைந்தது, அவ்வளவே. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவே ஒன்றரை வருஷம் பிடித்தது. அதனால்தான் முதலிலேயே கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம்.

விலை? அமெரிக்காவில் அப்போது வைத்த விலை வருஷத்துக்கு 2,25,000 டாலர். எழுத்துப் பிழை இல்லை. ஆராய்ச்சிக்கு ஆகிற செலவு எனக்குப் புரிகிறது, தோற்றுப்போன மருந்துகளின் செலவும் அதில் சேரும் என்பதும் புரிகிறது. ஆனாலும் ஒரு மீனவ ஊர் தலைமுறை தலைமுறையாகத் தன் ரத்தத்தையும் குடும்பக் கதையையும் கொடுத்துக் கண்டுபிடித்த விஷயத்துக்கு இப்படி ஒரு விலைச்சீட்டு ஒட்டுவது என் மனசுக்கு ஒப்பவில்லை.

அடுத்து வந்தவர்கள் இன்னும் மேலே போனார்கள். வட்டத்தைக் காப்பாற்றுவதை விட்டு, பிள்ளைகளையே பள்ளிக்கூடத்துக்கு வரவிடாமல் செய்தால்? கல்லீரலுக்குள் அந்தப் புரதத்துக்கான கட்டளைத் தாள் ஒன்று போகும், ஆர்.என்.ஏ. என்று பெயர். அதைக் கிழித்துப் போடுகிற மருந்து 2018-ல் வந்தது. இந்தக் கிழிக்கிற வித்தையை 1998-ல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டுபிடித்தவர்கள் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ. 2006-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டிய மருந்து இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றாகி, 2025-ல் இதய வகைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. கட்டளை எழுதுகிற மரபணுவையே ஒரே ஊசியில் வெட்டிவிடுகிற முயற்சி 2021-ல் ஆறு பேரிடம் நடந்து, மருந்தளவு கூடுதலாகப் பெற்றவர்களுக்கு அந்தப் புரதம் சராசரி 87 சதவீதம் குறைந்தது. ஆனால் பெரிய சோதனையில் ஒருவருக்குக் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டதால் 2025-ல் நிறுத்தி வைத்தார்கள். அவசரப்படக் கூடாத இடம் இது.

அல்சைமர் மறதி நோயிலும் மூளையில் இப்படித்தான் ஒரு புரதம் படிகிறது. அது வேறு புரதம், வேறு கதை. அதற்கு வந்திருக்கிற புது மருந்துகள் படிவை நன்றாகத் துடைக்கின்றன, மறதியைக் கொஞ்சம்தான் தாமதப்படுத்துகின்றன. அதற்குத் தனிப்பதிவு போட வேண்டும்.

அண்ணனிடம் டாக்டர் பெண் எதையும் மறைக்கவில்லை. நோய் முற்றிய கட்டத்தில் டஃபாமிடிஸ் அவ்வளவாகக் கைகொடுக்காது, ஆரம்பத்தில் கொடுத்திருந்தால் நல்ல பலன் என்றாள். விலையையும் சொன்னாள். மகன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவன், "மனையை வித்துடலாம்ப்பா" என்றான். அண்ணன் சட்டைத் துணிக்கு அளவு பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்துவிட்டு, "துணி பத்தாதுடா. பத்தாத துணியை வெட்டக் கூடாது" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. உப்பைக் குறைத்து, தண்ணீரை அளந்து குடித்து, தினம் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதி, இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அவருடைய தையல் கணக்கு நோட்டு மாதிரியே வரி பிசகாமல் இருக்கிறது. போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். எழுபத்தேழு வயசு.

2011-ல் முதல் மணிக்கட்டு. 2022-ல் நோய்க்குப் பெயர். நடுவில் பதினோரு வருஷம். 2011-லேயே தெரிந்திருந்தாலும் இதயத்துக்கு அப்போது மருந்து இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குக் கை மரத்துப்போய் ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு மருந்து இருக்கிறது.

அதனால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது தாண்டியவர், அதிலும் ஆண்கள், இரண்டு கையிலும் கார்பல் டனல் வந்திருந்தால், அதோடு மேல்கைத் தசைநாண் அறுந்ததோ, முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கியதோ, பிரஷர் தானாக இறங்கியதோ, நடந்தால் மூச்சு வாங்குவதோ இருந்தால், இதய டாக்டரிடம் இதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். எக்கோவில் 'சுவர் தடிப்பு' என்று எழுதியிருந்தால் "இது அமைலாய்டா இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. கார்பல் டனல் வந்த எல்லோருக்கும் இந்த நோய் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. பயந்துகொண்டு ராத்திரி எனக்குப் போன் போடாதீர்கள்.

பழைய இ.சி.ஜி. தாள்களைத் தூக்கிப் போடாமல் தேதிவாரியாக அடுக்கி ஒரே ஃபைலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் அந்தத் தாளில் எழுத்து அழிந்துவிடும், ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா மகனே, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். நாளைக்குப் பிள்ளைக்கு முட்டை வேகவைத்துக் கொடு.